ஸ்டோர் ரூமில் இருந்த இரண்டாவது ஒயர்

எழுத வந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் லீவு கேட்டும் சாமான் கேட்டும் கொடுத்த துண்டுச் சீட்டுகள்தான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறந்து பேசிப் பழக்கமில்லை. இப்படிப்பட்டவன் எழுதுவதை யார் உட்கார்ந்து படிப்பார்கள் என்ற கேள்வி எனக்கும் இருக்கிறது. ஆனால் ஒருவர் எனக்காகச் செய்த ஒரு காரியத்தை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். வாயால் சொல்லிப் பார்த்தேன், பாதியில் நின்றுபோகிறது. யார் பெயரையும் எழுதப்போவதில்லை. அவர்களைக் கேட்டுக்கொண்டு இதை எழுதவில்லை.

அப்போது மாமல்லபுரத்துக்கு வடக்கே கடற்கரையோரம் ஒரு ஓட்டலில் வேலை பார்த்தேன். வெளிநாட்டுக்காரர்களும், கல்யாணம் வைக்கிற பணக்காரர்களும், சிறுசேரி கம்பெனிகளிலிருந்து கூட்டம் போட வருகிறவர்களும் தங்குகிற ஓட்டல். எலக்ட்ரீஷியனுக்கு எடுபிடியாகத்தான் சேர்ந்தேன். கம்ப்யூட்டர்கள் வந்தபோது அந்த ஒயர் வேலையும் என் தலையில் விழுந்தது. ஒயர் என்றால் எல்லாம் ஒயர்தானே என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

ரோட்டுப் பக்கம் முன்கட்டடம். அதில் ரிசப்ஷனும் கணக்குப் பிரிவும். தென்னந்தோப்பைத் தாண்டிக் கடல் பக்கம் பின்கட்டடம். அதில் சமையலறை, சாப்பாட்டுக் கூடம், ஸ்டோர் ரூம். பின்னால் ஒருவர் மீன் வறுவல் சாப்பிட்டால் அந்த பில் உடனே முன்னால் அவருடைய ரூம் கணக்கில் ஏற வேண்டும். அதற்காக இரண்டு கட்டடத்திலும் ஒவ்வொரு ஸ்விட்ச் வைத்திருந்தார்கள். விளக்குப் போடும் ஸ்விட்ச் இல்லை. வரிசையாகத் துளைகளும், துளைக்கு ஒரு பச்சை விளக்கும் உள்ள சின்னப் பெட்டி. அந்தந்தக் கட்டடத்துக் கம்ப்யூட்டர் ஒயர்களையெல்லாம் அதில் செருகிவிட்டு, இரண்டு பெட்டிகளையும் ஒரு நீள ஒயரால் சேர்த்துவிட்டால் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.

அந்த நீள ஒயர்தான் தொல்லை. தோப்பில் அணில் கடிக்கும். உப்புக் காற்றில் முனையிலுள்ள செப்புப் பற்கள் பச்சையாகப் பூத்துவிடும். ஒரு மழைக்காலத்தில் நாள் முழுக்க பில் போகாமல் நின்றதும், நீச்சல் குளத்துப் பக்கமாக மண்ணுக்கடியில் இன்னொரு ஒயர் போட்டார்கள். போட்டுக் கொடுத்த இன்ஜினியர் சிறுசேரியிலிருந்து வருவார். சின்ன வயது, மரியாதையாகப் பேசுவார். போகும்போது என்னிடம் ஒன்று சொன்னார்.

"அண்ணே, ரெண்டு ஒயரையும் ஒரே நேரத்துல பெட்டியில செருகிடாதீங்க. ஒண்ணைப் பிடுங்கின பிறகுதான் இன்னொண்ணு."

ஏன் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. சரி சார் என்றேன். இரண்டாவது ஒயரின் முனையை உப்பு ஏறாமல் பால் கவரில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, பின்கட்டடத்து ஸ்டோர் ரூமில் பெட்டிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டி வைத்தேன். முன்கட்டடத்து முனை அங்கிருந்த பெட்டியில் எப்போதும் செருகியே இருக்கும். முதல் ஒயர் செத்தால் அதைப் பிடுங்கிவிட்டு ஆணியில் தொங்குவதைச் செருக வேண்டும். பழைய ஒயரைச் சரி செய்ததும் மறுபடி மாற்ற வேண்டும். இவ்வளவுதான் வேலை. ஆனால் பெட்டியை நான் மட்டும்தான் தொட வேண்டும் என்பது மேனேஜர் உத்தரவு.

அந்த ஸ்டோர் ரூமுக்குப் பொறுப்பாளர் திருவிடந்தைக்காரர். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஆனாலும் என்னை அண்ணாத்தே என்றுதான் கூப்பிடுவார். நான் பேசாததற்கும் சேர்த்து அவரே பேசுவார். பெட்டிக்குள் ஈரம் தங்காமல் இருக்க ஒரு துணியில் பச்சரிசி முடிந்து வைப்பேன். அந்த அரிசியைக் கேட்காமலேயே மாற்றி வைத்திருப்பார். நான் போய் நின்றால் போதும்.

"இன்னா அண்ணாத்தே, மறுபடி பல்லு புடுங்க வந்துட்டியா?"

நான் சிரிப்பேன்.

"ஒரு பல்லப் புடுங்குறே, இன்னொரு பல்லக் கட்டுறே. பேஷண்டு கத்துறதே இல்ல. ஒன்ன மாதிரியே ஊமைப் பேஷண்டு."

என் மனைவிக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது அது முற்றிப் போயிருந்தது. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுடைய தம்பி ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில் பஞ்சர் கடை வைத்திருந்தான். இரவில் அவன் மனைவி துணைக்கு இருப்பாள். பகலில் நான் இருக்க வேண்டும். அதுதான் முடியாமல் போய்க்கொண்டே இருந்தது.

என்னிடம் செல்போன் கிடையாது. மச்சானிடம் ஒன்று இருந்தது. அந்த நம்பரை ஸ்டோர்க்காரரிடம் மட்டும் கொடுத்து வைத்திருந்தேன். ஓட்டலில் ஒயர் போனால் மேனேஜர் அவரிடம் சொல்வார், அவர் மச்சானுக்கு அடிப்பார், மச்சான் ரோட்டைக் கடந்து வார்டுக்கு ஓடி வருவான்.

"மாமா, ஓட்டல்லேர்ந்து போனு. பில்லு போவலியாம்."

உடனே கிளம்பி, பஸ் பிடித்து, திருக்கழுக்குன்றம் வழியாகப் போய், தோப்பைத் தாண்டி ஓடி, ஒரு முனையைப் பிடுங்கி இன்னொன்றைச் செருகிவிட்டு, திரும்பப் பஸ் பிடித்து வருவதற்குள் பார்வையாளர் நேரம் முடிந்திருக்கும். முதல் தடவை அவள் தலையாட்டி அனுப்பி வைத்தாள். இரண்டாம் தடவை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் தடவை நான் எழுந்து நிற்கும்போதே சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ வந்து குந்தறதுக்குள்ள ஒனுக்கு போனு வந்துடுது. நானு ஒண்ணும் கேக்கலய்யா. ஒரே ஒரு நாளு முழுசா எம் பக்கத்துல குந்திகினு இரு. அது போதும்."

"நாளைக்கு இருக்கறேன்."

"நாளைக்கும் ஒயரு அறுந்துகினு பூடும்."

அப்படித்தான் ஆயிற்று. அந்த முறை ஸ்டோர் ரூமில் ஒயரை மாற்றிக்கொண்டிருந்தபோது, பருப்பு மூட்டை மேல் உட்கார்ந்திருந்த ஸ்டோர்க்காரர் கேட்டார்.

"அண்ணி எப்டி கீது?"

"ஒரு நாளு முழுசா பக்கத்துல இருன்னு கேட்டுச்சி. அதுகூட என்னால ஆவல."

அவரிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியதே அன்றைக்குத்தான். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிறவர், அன்று மூட்டையை விட்டு எழுந்து பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் பிடுங்கியதையும் செருகியதையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒரு புதன்கிழமை மறுபடி லீவு எடுத்தேன். முதல் பஸ்ஸில் போய் அவள் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். விடியற்காலையில் வலி தாங்காமல் கத்தினாளாம், ஊசி போட்டிருந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தாள். வார்டு வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மச்சான்தான் வருகிறான் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். காலையில் கஞ்சியோடு வந்தான். நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"போனு வந்திச்சா?"

"வரல மாமா. குந்து நீ."

மத்தியானம் வந்தபோதும் கேட்டேன். போனை எடுத்துக் காட்டினான். சார்ஜ் இருந்தது, சிக்னல் கோடெல்லாம் முழுசாக இருந்தது, யாரும் அடிக்கவில்லை.

அவள் நாள் முழுக்கத் தூங்கினாள். எத்தனையோ பேச வேண்டும் என்று நினைத்துப் போயிருந்தேன். பேச ஆளில்லை. நடு நடுவே கண்ணைத் திறப்பாள். முழுசாகத் திறக்க முடியாது, ஒரு கீற்று மாதிரி.

"கீறியா?"

"கீறேன்."

மறுபடி மூடிக்கொள்வாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதே கேள்வி. நான் அதே பதில். ஒரு தடவை ஒன்றுக்குப் போய்விட்டு வருவதற்குள் அவள் கேட்டிருந்தால் என்ன செய்வது என்று பயந்து ஓடி வந்தேன். பக்கத்துக் கட்டில் அம்மா, "இல்லப்பா, எந்திரிக்கல" என்றார்.

வெயில் ஜன்னலை விட்டு இறங்குகிற நேரத்தில் ஒரு தரம் நன்றாகக் கண் விழித்தாள். என்னைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள்.

"சாயந்தரம் ஆயிட்ச்சா?"

"ஆயிட்ச்சி."

"இன்னிக்கி ஒயரு அறுந்து போவலியா?"

"போவல."

"நல்ல ஒயரு" என்று சொல்லிச் சிரித்தாள். உதடு வெடித்திருந்ததால் சிரிப்பு வலித்திருக்க வேண்டும், உடனே நிறுத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் கண் விழித்துப் பேசவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் இறந்துபோனாள்.

காரியமெல்லாம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது ஸ்டோர் ரூம் பொறுப்பில் புதிதாக வேறு ஒருவர் இருந்தார். பெட்டிக்கு எதிரில் சிறுசேரி இன்ஜினியர் ஸ்டூல் போட்டு நின்று, பழையதைக் கழற்றிவிட்டுப் புதுப் பெட்டி ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இறங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஸ்டோர்க்காரர் எங்கே என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதா அண்ணே?" என்றார்.

அவர் சொல்லித்தான் அந்தப் புதன்கிழமை ஓட்டலில் நடந்தது எனக்குத் தெரிந்தது. விடிந்ததும் கடையைத் திறக்கிற மாதிரி ஸ்டோர் ரூமைத் திறந்த ஸ்டோர்க்காரர், முதல் வேலையாக ஆணியில் தொங்கிய இரண்டாவது ஒயரை எடுத்து, பால் கவரைப் பிரித்து, பெட்டியில் காலியாக இருந்த துளையில் செருகியிருக்கிறார். முதல் ஒயரைப் பிடுங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டு கட்டடத்திலும் எல்லாக் கம்ப்யூட்டரும் உறைந்துபோய்விட்டன. அன்று ஒரு கல்யாணக் கோஷ்டி ரூம்களைக் காலி செய்கிற நாள். ரிசப்ஷனில் பெட்டி படுக்கையோடு கூட்டம் நிற்கிறது. ஒரு பில்கூட வரவில்லை.

"ரெண்டையும் செருகினா ஏன் சார் அப்டி ஆவுது?" என்று கேட்டேன். இத்தனை வருடமாகக் கேட்காததை அன்றுதான் கேட்டேன்.

அவர் அங்கிருந்த அட்டைப் பெட்டியின் மூடியில் இரண்டு கட்டங்களும் நடுவே இரண்டு கோடுகளும் வரைந்தார்.

"ஒரு கம்ப்யூட்டர் இன்னொண்ணைத் தேடும்போது, 'இது யாரோட விலாசம்?'னு எல்லாரையும் பொதுவாக் கேக்கும். முன்னாடி இருக்கிற பெட்டி அந்தக் கேள்வியை ரெண்டு ஒயர்லயும் அனுப்பும். இங்க இருக்கிற பெட்டி, முதல் ஒயர்ல வந்ததை ரெண்டாவதுலயும், ரெண்டாவதுல வந்ததை முதல்லயும் திருப்பி விடும். ஏற்கெனவே பார்த்த கேள்விதான்னு அதுக்குத் தெரியாது. கேள்விக்கும் தேய்மானம் கிடையாது, சுத்திக்கிட்டே இருக்கும். அதுமேல அடுத்த கேள்வி, அதுவும் சுத்தும். கடைசியில ஒயர் பூரா அதேதான் ஓடிக்கிட்டிருக்கும். நிஜ பில்லுக்கு வழியே இல்லை."

பிறகு புதுப் பெட்டியைக் காட்டினார். இரண்டு ஒயர்களும் அதில் செருகியிருந்தன. ஒன்றுக்குப் பச்சை விளக்கு, மற்றதற்கு ஆரஞ்சு.

"முன்கட்டடத்துலயும் இதே மாதிரி ஒண்ணு மாட்டிட்டேன். இதுங்க ரெண்டும் தங்களுக்குள்ளயே பேசி, எது தலைமைப் பெட்டின்னு முடிவு பண்ணிக்கும். வட்டமா ஒரு பாதை இருக்குன்னு தெரிஞ்சா, ஒரு ஒயரைத் தூங்க வெச்சிடும். ஆரஞ்சு அதுதான். செருகியிருக்கும், ஆனா எதையும் விடாது. தலைமைப் பெட்டி ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவை 'இருக்கேன், இருக்கேன்'னு சொல்லிக்கிட்டே இருக்கும். பச்சை ஒயர்ல அந்தச் சத்தம் நின்னுட்டா, ஆரஞ்சை எழுப்பிடும். இனிமே உங்களை யாரும் ஆஸ்பத்திரியிலேருந்து…"

சொல்லிக்கொண்டே வந்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மிச்சத்தை அவரே மெதுவாகச் சொன்னார். அன்று மேனேஜர் ஸ்டோர்க்காரரைக் கூப்பிட்டு எனக்கு போன் போடச் சொல்லியிருக்கிறார். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ரிங்கு போய்கினே கீது சார், எட்க்க மாட்றாங்கோ" என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். அரை நாள் இப்படியே போயிருக்கிறது. வேறு வழியில்லாமல் இன்ஜினியரை வரவழைத்தார்கள். அவர் வந்து இரண்டு ஒயர்களையும் பார்த்து, ஒன்றைப் பிடுங்கினார். எல்லாம் ஓட ஆரம்பித்தது.

"யார் செருகினதுன்னு நான் வாய் தவறிக் கேட்டுட்டேன் அண்ணே. வேணும்னு கேக்கலை. அவரே முன்னாடி வந்து 'நான்தான் சார்'னுட்டார். உடனே மேனேஜர் அவர் போனை வாங்கிப் பார்த்தார். காலையிலேருந்து உங்க மச்சான் நம்பருக்கு ஒரு தடவைகூட அடிக்கலை. செருகினதைக்கூட விட்டிருப்பார். பொய் சொன்னதுதான் மேனேஜருக்குத் தாங்கலை."

அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை திருவிடந்தைக்குப் போனேன். கோயில் பக்கம் கல்யாணம் ஆக வேண்டியவர்கள் மாலையும் கழுத்துமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் கடற்கரையில் மீன் ஏலம் விடுகிற இடத்தில் ஐஸ் பார் இறக்கிக்கொண்டிருந்தார். தோளில் நனைந்த சாக்கு. என்னைக் கண்டதும் சாக்கைக் கீழே போட்டார்.

"வா அண்ணாத்தே. மொட்டையும் மீசை இல்லாத மூஞ்சியும், அடையாளமே தெரில. நானே வந்து கண்டுகினு போவணும்னு இருந்தேன். எந்த மூஞ்சிய வெச்சிகினு வர்றது? ஒன் பெட்டிய கெட்த்துட்டேன்."

"பெட்டி கெடல. புதுசு வந்துட்ச்சி."

"மெய்யாலுமா? நானு கெட்டுப் பூட்ச்சின்னு இல்ல நெனைச்சிகினு கீறேன்."

ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தோம். அவராகவே சொன்னார்.

"தண்ணித் தொட்டிக்கு ரெண்டு பைப்பு வுட்டா ரெண்டும் தண்ணிதான கொண்ணாரும்? அப்டித்தான் நானும் நெனைச்சேன். ரெண்டையும் சொருவி வெச்சிட்டா, ஒண்ணு அறுந்தாலும் இன்னொண்ணு கீது, ஒன்னக் கூப்புட வேலையே இல்லன்னு. சொருவுன ஒடனே வெளக்கெல்லாம் கல்யாண வூட்டு சீரியல் செட்டு கணக்கா மினுக்குது. அட, இன்னா சோக்கா ஓடுதுன்னு சந்தோசமாப் பூட்டேன். நாஸ்தா கூட நல்லா துன்னேன். அப்பால பாத்தா முன்னால ஒரே பேஜாரு."

"அப்ப ஏன் எனக்கு போனு பண்ணல?"

"பண்ணா நீ வந்துடுவே."

"வேலை பூட்ச்சே ஒனக்கு."

"பூட்ச்சி. ஐஸு தூக்கறதும் வேலைதான். அங்க அரிசி மூட்டை, இங்க ஐஸு. சில்லுனு கீது." சிரித்துவிட்டு, பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அன்னிக்கி முழுசா குந்தி இருந்தியா?"

"இருந்தேன்."

"அண்ணி பேசிகினு இருந்திச்சா?"

அவள் தூங்கியதையும், நான் ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்ததையும் நினைத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சாக்கிலிருந்து தண்ணீர் வழிந்து மணலில் இறங்கிக்கொண்டிருந்தது.

"பேசிச்சி" என்றேன்.

"இன்னா சொல்லிச்சி?"

"நல்ல ஒயருன்னு சொல்லிச்சி."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். வெகு நேரம் துண்டை எடுக்கவில்லை. ஏலம் விடுகிறவர் அங்கிருந்து, "யோவ், ஐஸு கரையுதுய்யா, அங்க இன்னா ஒப்பாரி?" என்று கத்தியதும் எழுந்து போனார்.

கிளம்பும்போது, மேனேஜரிடம் பேசி அவரை மறுபடி வேலைக்கு எடுக்கச் சொல்கிறேன் என்றேன்.

"யாரு, நீயா? நீ வாயத் தொறந்து கேப்பியா? அத்தப் பாக்கறதுக்காவது நானு வரணுமே!"

பஸ் வரும்வரை கூடவே நின்றார். பஸ்ஸில் வரும்போது மேனேஜரிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் மேனேஜர் அறைக்குப் போய்க் கேட்டேன். முடியாது என்றார். தன் மேசைக்குக் கீழே ஒரு ஒயர் தளர்ந்திருப்பதாகச் சொன்னார். அதைச் சரி செய்துவிட்டு வெளியே வந்தேன்.